சீரியலா, சினிமாவா, வெப் சீரிஸா: எழுதணும்னு சென்னை வர்றவங்க எந்தப் பக்கம் போறது?

எழுதணும்னு கிளம்பி வர்ற பசங்க, பொண்ணுங்க எல்லாரும் கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான். சீரியலுக்கு வசனம் எழுதப் போலாமா, இல்ல யார்கிட்டயாவது அசிஸ்டெண்டா சேர்ந்து சினிமாவுக்கு முயற்சி பண்ணலாமா, இப்ப வெப் சீரிஸ் வேற வந்துருச்சே அங்க நேரா போக முடியுமான்னு. நான் இந்த மூணு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கேன், சீரியல்ல வசனம், சினிமால கதை டிஸ்கஷன், ஒரு வெப் சீரிஸோட ரைட்டிங் டீம். அதனால என் பதில மொதல்லயே சொல்லிடறேன், காரணத்த அப்புறம் சொல்றேன். உங்களுக்கு எழுதறது மட்டும்தான் புடிக்கும், டைரக்ட் பண்ற ஆசையே இல்லன்னா உங்க எடம் டிவிதான், அங்கிருந்து வெப் சீரிஸ். டைரக்டர் ஆகணும்னு உள்ளுக்குள்ள அரிப்பு இருந்தா மட்டும் அசிஸ்டெண்டா போங்க. "ரைட்டரா மட்டும் சினிமால நுழையறேன்"னு சொல்றவங்களதான் நான் தடுப்பேன், ஏன்னா அந்த வாசல் கிட்டத்தட்ட கிடையாது.

ஒரு காலத்துல அந்த வாசல் இருந்துச்சு. ஸ்டூடியோ காலத்துல கதை இலாகான்னே தனியா வச்சிருந்தாங்க, ஜெமினில கொத்தமங்கலம் சுப்பு இருந்தாரு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல கலைஞர் சம்பளத்துக்கு எழுதினாரு. 1952ல பராசக்தி வந்தப்ப வசனத்துக்காகவே ஜனங்க திரும்பத் திரும்ப தியேட்டருக்குப் போனாங்க. 1961ல பாசமலருக்கு வசனம் ஆரூர்தாஸ், அவர் கடைசி வரைக்கும் வசனகர்த்தான்னுதான் அறியப்பட்டாரு. ஆனா அதே காலத்துலயே ஸ்ரீதர் மாதிரி வசனத்துல ஆரம்பிச்சவங்க டைரக்டர் ஆக ஆரம்பிச்சிட்டாங்க, பாலசந்தர் 1964ல தெய்வத்தாய்க்கு வசனம் எழுதினாரு, அடுத்த வருஷமே நீர்க்குமிழி டைரக்ட் பண்ணிட்டாரு. அப்புறம் பாக்யராஜ் காலம் வந்ததும் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்னு நாலும் ஒரே பேர்ல வர்றதுதான் கெத்துன்னு ஆயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் அது மாறல. கதை வேற ஒருத்தர் எழுதினதுன்னு சொல்லிக்க நம்ம டைரக்டர்கள்ல நிறைய பேருக்கு மனசு வர்றதில்ல, ஆடியன்ஸும் "யாரோட படம்"னு கேட்டா டைரக்டர் பேரத்தான் சொல்றாங்க.

"ஏன், சுஜாதா இல்லையா, ஜெயமோகன் இல்லையா"ன்னு உடனே கேப்பீங்க. சரிதான், ஆனா அவங்க எப்படி வந்தாங்கன்னு பாருங்க. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில இன்ஜினியர், வாரப் பத்திரிகைல அவர் பேர் தெரியாத வீடே இல்லங்குற நெலம. ஜெயமோகன் தொலைபேசித் துறைல வேலைல இருந்துகிட்டு நாவல் எழுதினவரு, 2005ல கஸ்தூரி மான்ல ஆரம்பிச்சு நான் கடவுள், அங்காடித் தெரு, பொன்னியின் செல்வன் வரைக்கும் போனாரு. கிரேஸி மோகனுக்குப் பின்னாடி நாடக மேடை இருந்துச்சு, பாலகுமாரன் நாயகனுக்கும் பாட்ஷாவுக்கும் வசனம் எழுதினப்ப ஏற்கனவே பெரிய வாசகர் கூட்டம் இருந்துச்சு. இவங்க யாரும் சாலிகிராமத்துல ரூம் எடுத்து வாய்ப்பு தேடல, சினிமாதான் இவங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. அதனால இது ஒரு வழிதான், ஆனா சினிமா வழியா போற வழி இல்ல. கையில ஒரு வேலை, பத்து வருஷம் புத்தகமா எழுதி ஒரு பேரு, அதுக்கப்புறம் வர்ற அழைப்பு. புத்தகம் எழுதறதுல உண்மையான ஆசை இருக்கவங்களுக்கு இது ரொம்ப நல்ல வழின்னே சொல்வேன், ஆனா சினிமாவ மனசுல வச்சுகிட்டு நாவல் எழுதினா நாவலும் வராது, சினிமாவும் வராது.

இப்ப சீரியலுக்கு வர்றேன், இதப்பத்தி நிறைய பேசணும், ஏன்னா இதப்பத்திதான் நிறைய தப்பான நெனப்பு இருக்கு.

மொதல்ல அளவு. அரை மணி நேர ஸ்லாட்டுல விளம்பரம் போக சுமார் 20, 22 நிமிஷம் கதை. வாரத்துக்கு 6 நாள்னா வருஷத்துக்கு 300 எபிசோடுக்கு மேல, அதாவது 100 மணி நேரத்துக்கு மேல டிராமா. ஒரு படம் ரெண்டரை மணி நேரம்னு வச்சுகிட்டா ஒரு சீரியல் ஒரு வருஷத்துல 40 படம் அளவுக்கு எழுத்த சாப்பிடுது. கோலங்கள் 2003ல இருந்து 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடுச்சு, அதுல எத்தன சீன் எத்தன வசனம்னு யோசிச்சுப் பாருங்க. உலகத்துல வேற எங்கயும் ஒரு புது ரைட்டருக்கு இவ்வளவு எழுதற வாய்ப்பும் எழுதினத அடுத்த வாரமே நடிச்சுப் பாக்குற வாய்ப்பும் கெடைக்காது. சினிமா அசிஸ்டெண்டா அஞ்சு வருஷம் இருந்தவன் எழுதின சீன்ல ஒண்ணு கூட ஷூட் ஆகாம இருக்கலாம், சீரியல்ல வசனம் எழுதறவங்க எழுதின வரி ஒரு நடிகை வாய்ல எப்படி உடையுது, எங்க மூச்சு வாங்குதுன்னு வாரா வாரம் பாக்கலாம்.

வேலை எப்படி நடக்கும்னா, கதைன்னு ஒருத்தர் பேர் இருக்கும், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர். திரைக்கதை எழுதறவர் சேனல் ஆளுங்களோட உக்காந்து வர்ற வாரங்களுக்கு ட்ராக், அதாவது கதை எந்தப் பக்கம் போகணும்னு, பேசி முடிச்சு சீன் ஆர்டர் போட்டுக் குடுப்பாரு, அத வசனம் எழுதறவர் சீன் பேப்பரா மாத்தணும். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். நம்பர் எறங்கியிருந்தா அந்த வாரம் எழுதினது பாதி குப்பைக்குப் போகும், ட்ராக்கே மாறும். நடிகருக்கு டேட் இல்லன்னா அவர் ஊருக்குப் போயிட்டதா எழுதணும், ஒரேயடியா போயிட்டா இனி இவருக்குப் பதில் இவர்னு கார்டு போட்டுட்டு நீங்க புது முகத்துக்கு ஏத்த மாதிரி பேச்ச மாத்தணும். லீட் ரோல்ல இருக்குற நிறைய பொண்ணுங்க கேரளா, கர்நாடகால இருந்து வர்றவங்க, ஸ்பாட்ல பக்கத்துல நின்னு ப்ராம்ப்ட் பண்ணிதான் வசனம் ஓடும், அதனால நீளமா ஒரு வாக்கியம் எழுதினா அது செட்டுல செத்துரும். குட்டிக் குட்டியா, ஒரு மூச்சுல சொல்ற மாதிரி எழுதக் கத்துக்கணும். இது சின்ன விஷயம் இல்ல, எனக்குத் தெரிஞ்சு பேச்சுத் தமிழ காதால கேட்டு எழுதக் கத்துக்க இதவிட நல்ல எடம் இல்ல.

காசு எபிசோடுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க. ஆரம்பத்துல கம்மிதான், ஆனா சீரியல் ஓடுற வரைக்கும் மாசா மாசம் வரும், அதுதான் இதோட பெரிய பலம். லேட்டா வரும்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க, ரெண்டு மூணு மாசம் பாக்கி நிக்கிறது சகஜம், பத்து சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரி புடிச்சுதான் தருவாங்க, வருஷக் கடைசில ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கணும், நிறைய பேர் அத விட்டுடறாங்க. இன்னொண்ணு, வசனம் வீட்ல இருந்தே எழுதலாம். போன்ல டைப் பண்ணி வாட்சப்ல அனுப்பற காலம் இது, கைக்குழந்தை வச்சிருக்குற அம்மா மதுரைல உக்காந்து சென்னைல நடக்குற ஷூட்டிங்குக்கு எழுத முடியும். சினிமா அசிஸ்டெண்ட் வேலைல அது நடக்கவே நடக்காது.

கெட்டதும் சொல்லணும். நிறைய சீரியல் ரீமேக். பாக்கியலட்சுமி வங்காளத்துல வந்த ஸ்ரீமோயியோட ரீமேக், ஹிந்தில அனுபமாவும் அதே கதைதான். ரீமேக்குக்கு எழுதும்போது கதை உங்களோடது இல்ல, நம்ம வீட்டுப் பேச்சுக்கு மாத்திக் குடுக்கறதுதான் வேலை, அதுவும் ஒரு திறமதான் ஆனா அதிலேயே இருந்துட்டா சொந்தமா கதை கட்டுற பழக்கம் போயிரும். மறுபக்கம் நம்ம பாண்டியன் ஸ்டோர்ஸ் ஹிந்திக்கும் தெலுங்குக்கும் போச்சு, அப்படிப் போற ஒரு கதைய யோசிக்கிற எடத்துல நீங்க இருக்கணும்னா வசனத்துல இருந்து திரைக்கதைக்கு ஏறணும், ஏறாம அஞ்சு வருஷம் வசனத்துலயே நிக்காதீங்க.

கை கெட்டுப் போறதுதான் எனக்கு இதுல பெரிய பயம். சீரியல் பாக்குறவங்க பாதி நேரம் காய் நறுக்கிகிட்டே காதால கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் வாயால சொல்லணும். ஒரு உதாரணம் பாருங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு பீரோல வச்சிருந்த பணத்த அண்ணன் எடுத்துட்டான். சீரியல்ல இது ஒரு வாரம். பணம் இல்லன்னு அம்மாவுக்குத் தெரியறது ஒரு எபிசோட், மருமக மேல சந்தேகம் வர்றது ஒண்ணு, அண்ணன் போன் பேசறத கதவுக்குப் பின்னாடி நின்னு சின்ன மருமக கேக்குறது ஒண்ணு, அவ சொல்லலாமா வேணாமான்னு தவிக்கிறது ஒண்ணு, சொல்ல வாயெடுக்கும்போது ஃப்ரீஸ். சினிமால இது ஒரே சீன், அம்மா பீரோவ தெறக்குறா, பாக்குறா, மூடிட்டு வாசல்ல நிக்கிற மகன்கிட்ட "சாப்பிட்டியாடா"ன்னு கேக்குறா, அவன் தலைய குனியறான், முடிஞ்சுது. வெப் சீரிஸ்ல மொத எபிசோட் கடைசில காலி பீரோவ காட்டிட்டு, எதுக்காக எடுத்தான்னு நாலாவது எபிசோட்ல சொல்லுவோம், அப்ப நாம அதுவரைக்கும் பாத்த எல்லா சீனுக்கும் வேற அர்த்தம் வரும். மூணும் எழுத்துதான், ஒண்ணு இன்னொண்ணவிட ஒசத்தின்னு நான் சொல்லமாட்டேன், ஒரு வாரம் ஆடியன்ஸ கட்டி வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா மொத பழக்கம் ரத்தத்துல ஊறிட்டா ரெண்டாவது சீன எழுத கை வராது. அதனால சீரியல் எழுதற காலத்துல ராத்திரி ஒரு மணி நேரமாவது வசனமே இல்லாம ஒரு சீன் எழுதிப் பழகுங்க. நான் சொல்ற ஒரே பயிற்சி இதுதான்.

சீரியல் போனா சினிமாக்காரங்க மதிக்கமாட்டாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. பாலசந்தரே டிவிக்கு வந்து எழுதினாரு, எடுத்தாரு. அவரோட மின்பிம்பங்கள் கம்பெனில இருந்து வந்த மர்மதேசம் சீரியல்ல இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தும் நாகாவோட இயக்கமும் இன்னிக்கும் ஜனங்க நெனவுல இருக்கு. மெட்டி ஒலி பண்ண திருமுருகன் 2006ல எம் மகன் எடுத்தாரு, சமுத்திரக்கனி சீரியல் டைரக்ட் பண்ணிட்டு 2009ல நாடோடிகள் குடுத்தாரு. ஒண்ணு கவனிங்க, சீரியல்ல இருந்து சினிமாவுக்குப் போய் பேர் வாங்கின இவங்களும் டைரக்டராதான் போனாங்க. நான் மொதல்ல சொன்னதுக்கு இதுவும் ஒரு சாட்சி.

இப்ப அசிஸ்டெண்ட் வழி. இது எழுத்து வேலை இல்லங்கறத மொதல்ல புரிஞ்சுக்கணும். காஸ்ட்யூம் கன்டினியூட்டி பாக்கணும், க்ளாப் அடிக்கணும், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்ட மேய்க்கணும், லொகேஷன் பாக்கணும், நடுவுல டிஸ்கஷன்ல உக்காந்து சீன் சொல்லணும். நீங்க சொன்ன சீன் படத்துல வரும், தியேட்டர்ல கைதட்டும் வாங்கும், டைட்டில்ல உங்க பேர் உதவி இயக்குநர் லிஸ்ட்ல எட்டாவதா ஓடும். ஒரு ஆபீஸ்ல நான் குடுத்த இடைவேளை ப்ளாக், அதாவது இடைவேளைக்கு முன்னாடி வர்ற சீன்கள், அப்படியே படத்துல இருந்துச்சு, என் பேர் டைட்டில்லயே இல்ல, அத இன்னும் என்னால லேசா எடுத்துக்க முடியல. டிஸ்கஷனுக்கு சாப்பாடும் பேட்டாவும்தான், அதுவும் படம் ஆரம்பிக்கற வரைக்கும் நிச்சயம் இல்ல. வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் ஒரு ரூம்ல நாலு பேரா தங்கி, ஊர்ல இருந்து அக்காவோ அண்ணனோ அனுப்பற காசுல ஓட்டுறவங்கதான் அதிகம். வீட்ல சப்போர்ட் இல்லன்னா இந்த வழில போகாதீங்கன்னு நான் கண்டிப்பா சொல்றேன்.

ஆனா டைரக்டர் ஆகணும்னா இதுல கெடைக்கறது வேற எங்கயும் கெடைக்காது. எழுதின ஒரு வரி செட்டுல எவ்வளவு செலவு வைக்கும்னு தெரியும். "மழைல ஊரே திரண்டு நிக்குது"ன்னு பேப்பர்ல ஒரு வரி, ஸ்பாட்ல அது ரெண்டு நாள். முக்கியமா கதை சொல்லக் கத்துக்கலாம். நம்ம ஊர்ல ஸ்கிரிப்ட படிச்சுட்டு ஓகே பண்றவங்க கம்மி, ஹீரோ முன்னாடி ரெண்டு மணி நேரம் உக்காந்து ஷாட் ஷாட்டா வாயால சொல்லணும், அந்தத் திறமை இல்லன்னா பைண்ட் பண்ணி வச்ச முழு ஸ்கிரிப்ட் பையிலயே இருக்கும். யார்கிட்டயும் சேராம ஷார்ட் ஃபிலிம் எடுத்து வர்றதும் நடக்குது, கலைஞர் டிவியோட நாளைய இயக்குநர்ல இருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012ல பீட்சா எடுத்தாரு, நலன் குமரசாமி 2013ல சூது கவ்வும். அதுவும் டைரக்டர் வழிதான். சினிமாக்குள்ள ரைட்டரா மட்டும் ஒரு சின்ன வெளிச்சம் தெரியறதுன்னா அது இந்த மாதிரி நண்பர்கள் வட்டத்துலதான், சூப்பர் டீலக்ஸுக்கு தியாகராஜன் குமாரராஜாவோட மிஷ்கின், நலன், நீலன் கே. சேகர்னு நாலு பேர் எழுதினாங்க, நாலு பேருக்கும் பேர் போட்டாங்க. அயன், கோ மாதிரி படங்கள்ல டைரக்டர் கே.வி. ஆனந்தோட, சுபாங்கற பேர்ல சேர்ந்து எழுதற ரெண்டு பேரும் தொடர்ந்து எழுதினாங்க. எழுத்த மதிக்கிற டைரக்டர் ஒருத்தர் கெடைச்சா நடக்கும். அவர் கெடைப்பாருன்னு நம்பி ஊர்ல இருக்குற வேலைய விடக்கூடாது.

வெப் சீரிஸ் பத்தி எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கு. 2022ல வந்த சுழல பாருங்க, எட்டு எபிசோடும் எழுதினது புஷ்கர் காயத்ரி, டைரக்ட் பண்ணது பிரம்மாவும் அனுசரணும். எழுதினவங்க மேல, டைரக்ட் பண்ணவங்க அவங்க எழுத்த எடுத்தாங்க, தமிழ்ல இவ்வளவு பெருசா இப்படி நடந்தது எனக்குத் தெரிஞ்சு முன்னாடி இல்ல. அதே வருஷம் விலங்கு வந்துச்சு, ஏழு எபிசோட், ஒரு போலீஸ் ஸ்டேஷன், அத எழுதி எடுத்த பிரசாந்த் பாண்டியராஜ் 2025ல சூரிய வச்சு மாமன் எடுத்தாரு. இங்க பேப்பர் முக்கியம். பைபிள்னு சொல்ற முழு டாக்குமெண்ட், ஒவ்வொரு கேரக்டரோட வரலாறு, எல்லா எபிசோடோட சுருக்கம், மொத எபிசோட் முழு ஸ்கிரிப்ட், இதெல்லாம் கேப்பாங்க, முடிவு எடுக்கறவங்க பெரும்பாலும் மும்பைல இருக்காங்க, அதனால டெக், அதாவது கதைய விளக்குற ப்ரெசென்டேஷன், இங்கிலீஷ்ல போகும். காசு கட்டம் கட்டமா வரும், காகிதத்துல எழுதி வரும், சீரியலவிட சினிமாவவிட ஒழுங்கு அதிகம். ஆனா வருஷத்துக்கு தமிழ்ல வர்ற ஒரிஜினல் சீரிஸ எண்ணிடலாம், ஒரு வருஷம் எழுதி ரெண்டு வருஷம் காத்திருந்து கடைசில வேணாம்னு சொல்றதும் சாதாரணமா நடக்குது. புது ஆளுக்கு நேரா குடுக்கறதும் இல்ல, ஏற்கனவே படமோ சீரிஸோ பண்ண ஒருத்தரோட ரைட்டிங் டீம்லதான் நுழைய முடியும். அப்படி டீம் போடறவங்க தேடறது சொன்ன தேதில எழுதிக் குடுக்கற கைய, அந்தக் கை எங்க கெடைக்கும்னா சீரியல்ல. ஹார்ட் பீட் மாதிரி வாரா வாரம் எபிசோட் விடற நீளமான ஷோக்கள் வர ஆரம்பிச்சதும் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் இன்னும் கொறைஞ்சிருக்கு.

படிப்பு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரில டைரக்ஷனும் திரைக்கதையும் சேர்ந்த டிகிரி இருக்கு, புனே, கொல்கத்தா ரெண்டு மத்திய அரசு இன்ஸ்டிட்யூட்லயும் எழுத்துக்குன்னு தனி கோர்ஸ் இருக்கு. வயசு சின்னது, அட்மிஷன் கெடைக்குதுன்னா போங்க, அங்க கெடைக்கற நண்பர்கள் வாழ்நாள் முழுக்க வருவாங்க. லட்சக்கணக்குல வாங்குற பிரைவேட் கோர்ஸுக்குக் கடன் வாங்காதீங்க.

எந்தப் பக்கம் போனாலும் கதைய ரெஜிஸ்டர் பண்ணாம வாய தெறக்காதீங்க. திரைப்பட எழுத்தாளர் சங்கத்துல பதியலாம், காப்பிரைட் ஆபீஸ்ல ஒரு எழுத்துப் படைப்புக்கு கட்டணம் 500 ரூபாதான். ஐடியாவுக்கு உரிமை கெடையாது, எழுதின விதத்துக்குத்தான் உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 1978லயே சொல்லிருச்சு, அதனால ஒன் லைன, அதாவது கதைச் சுருக்கத்த மட்டும், பதிஞ்சுட்டு தூங்காதீங்க, முழு சீனோட பதியுங்க. 2018ல விஜய் நடிச்ச சர்கார் படத்தோட கதை தன்னோடதுன்னு புகார் குடுத்த வருண் ராஜேந்திரன் செங்கோல்னு ஒரு கதைய முன்னாடியே சங்கத்துல பதிஞ்சு வச்சிருந்ததாலதான் சங்கம் அவர் பக்கம் பேச முடிஞ்சுது, கடைசில டைட்டில்ல அவர் பேரும் வந்துச்சு.

சரி, நீங்க யாருன்னு பாத்து முடிவு பண்ணுங்க. வீட்டுக்கு மாசா மாசம் காசு அனுப்பணும்னா சீரியல், வேற பேச்சே இல்ல. ஏற்கனவே ஒரு வேலைல இருக்கீங்க, அது ஓரளவு நேரம் விடுதுன்னா வேலைய விடாம கதை எழுதுங்க, வார இறுதில ஒரு சீரியலுக்கு வசன உதவியா சேர முடியுமான்னு பாருங்க. 25 வயசுக்குள்ள, வீட்ல ரெண்டு மூணு வருஷம் தாங்குவாங்க, கேமரா பக்கத்துல நிக்கணும்னு வெறி இருக்குன்னா அசிஸ்டெண்டா போங்க, ஆனா எழுதறவர்கிட்ட சேருங்க, கூட்டத்த மட்டும் மேய்க்க விடறவர்கிட்ட வேணாம். எழுத்து மட்டும்தான் எல்லாம்னா சீரியல்ல ஒரு ரெண்டு வருஷம், அதுக்குள்ள திரைக்கதை டேபிளுக்கு ஏறணும், பக்கத்துலயே சொந்தமா ஒரு எட்டு எபிசோட் பைபிள் தயார் பண்ணணும், அத தூக்கிட்டு வெப் சீரிஸ் டீம்களுக்குப் போகணும். எனக்கு ஒரு தங்கச்சி இருந்து எழுத வரேன்னு சொன்னா இந்தக் கடைசி வழியத்தான் சொல்லுவேன்.

சீரியல்ல சேர பெரிய சிபாரிசு வேணாம். ப்ரொடக்ஷன் ஆபீஸ்ல எபிசோட் டைரக்டரையோ வசனம் எழுதறவரையோ புடிங்க, அவங்களுக்கு எப்பவும் ஒரு கூடுதல் கை தேவைப்படும். டெஸ்ட் சீன் கேப்பாங்க, ரெண்டு சீன் வரைக்கும் சும்மா எழுதிக் குடுங்க, அதுக்கு மேல கேட்டா காசு பேசிட்டு எழுதுங்க. எழுதறது இப்ப ஓடற அவங்க சீரியலோட கேரக்டர வச்சே இருக்கட்டும், போன வாரம் வரைக்கும் பாத்துட்டு எழுதுங்க. சமையல்கட்டு சீன் ஒண்ணு, ரெண்டு பேர் மட்டும், மூணு பக்கத்துக்கு மேல போகக் கூடாது, யாரும் அழக் கூடாது. அத எழுதி எடுத்துட்டுப் போங்க.